கொப்பரக்குல்லா பிடிக்கப் போன சனிக்கிழமை

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது கொப்பரக்குல்லா பிடிக்கக் கடலுக்குப் போனேன். இதைச் சொன்னால் இப்போது என்னுடன் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கொப்பரக்குல்லா என்பது மூக்கு ஈட்டி போல நீண்டிருக்கும் பெரிய மீன், மயில்மீனுக்குப் பங்காளி. கரையை விட்டு வெகுதூரம் போய், தண்ணீர் கருநீலமாக மாறும் இடத்தில்தான் அது திரியும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த பெண்களில் அதைத் தூண்டிலில் உயிரோடு பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை எட்டாம் வகுப்பு வரைக்கும் வைத்துச் சாப்பிட்டேன்.

அந்தப் பயணமே எனக்காக ஏற்பாடானது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. கேட்டது நான். நான்கு நாள் அடம்பிடித்தது நான். படகில் முதலில் ஏற்றப்பட்டதும் நான்.

அப்பா ஏரலிலிருந்து வந்து தூத்துக்குடியில் பலசரக்குக் கடை போட்டவர். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அப்பா, அம்மா, நான், கல்யாணம் ஆகாத சித்தப்பா. சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் சிக்னல்மேன் வேலை. கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவார். கிரேனில் இருப்பவருக்குக் கப்பலின் அடிப்பள்ளத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. சித்தப்பாவின் கைதான் அவருக்குக் கண். கட்டைவிரலை மேலே காட்டினால் தூக்கு, கீழே காட்டினால் இறக்கு, விரல்களை மூடினால் நிறுத்து. சாப்பிடும்போது இதை எனக்கும் காட்டுவார். நான் கிரேன். அவர் விரலை உயர்த்தினால் சோற்றை வாய்க்குத் தூக்குவேன். வாய்க்கு முன்னால் வந்ததும் விரல்களை மூடிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மா இரண்டு பேரையும் திட்டுவாள்.

கிரேனை ஓட்டியவர் ஆறுமுகம் மாமா. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வயலும் வாழையும் உள்ள குடும்பம். சித்தப்பாவும் அவரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சின் மூன்றாவது ஆள் திரேஸ்புரத்து சேவியர் மாமா. கடலில் மீன் பிடிப்பவர். அவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் இருந்தது.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள், கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கிரேனின் இரும்புக் கயிறு அறுந்தது. அறுந்த வேகத்தில் சுழன்று வந்து அடித்ததில் சித்தப்பாவின் வலது கை நசுங்கிவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். கயிறு பழையது, யார்மீதும் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அன்று கிரேனில் இருந்தது ஆறுமுகம் மாமா. ஒரு நொடி முந்தி லிவரை இழுத்துவிட்டோமோ என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சித்தப்பா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை மட்டுமல்ல, எதுவுமே சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சித்தப்பா பின்னறைக்குள் போனார். போனவர் ஏழு மாதம் வெளியே வரவில்லை. வலது கை எப்போதும் ஒரு துண்டுக்குள் இருந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு ஸ்பூனும் வைத்து அம்மா உள்ளே கொடுப்பாள். கதவு சாத்திக்கொள்ளும். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் தனியாகத்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறுமுகம் மாமா ஒரு சீப்புக் கோழிக்கூடு வாழைப்பழத்துடன் கடைக்கு வருவார். அரிசி மூட்டை மேல் உட்காருவார். அப்பா என்னை மாடிக்கு அனுப்புவார். நான் போய் மாமா வந்திருப்பதைச் சொல்வேன். "தூங்குதேன்னு சொல்லு" என்பார் சித்தப்பா, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. நான் அப்படியே வந்து சொல்வேன். "சரிளா, தூங்கட்டும்" என்பார் ஆறுமுகம் மாமா. இன்னும் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். எத்தனை ஞாயிறு இப்படிப் போனது என்று கணக்கில்லை. பழம் எல்லாம் எனக்குத்தான் வந்தது. அதனால் எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

பங்குனி பிறந்து கடல் அமைதியாக இருந்த ஒரு நாள் சேவியர் மாமா கடைக்கு வந்தார். தூண்டில் போட்டு விளையாட்டுக்கு மீன் பிடிக்கிற ஆட்கள் சென்னையிலிருந்து வந்து அவர் வள்ளத்தை எடுப்பதுண்டு. அப்படி வந்த ஒருவர் தடித்த தூண்டில் கம்பு ஒன்றை அவரிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைப் பற்றியும், அதில் மாட்டுகிற கொப்பரக்குல்லாவைப் பற்றியும் கடை நிறைய ஆட்கள் நிற்க, என்னைப் பார்த்தே பேசினார். ஒரு மீன் எங்கள் கடைப் பெஞ்சு நீளமாம். தண்ணீரை விட்டுத் துள்ளினால் ஆள் உயரம் எழும்புமாம்.

"நானும் வாரேன் மாமா" என்றேன்.

"ஒன்ன கூட்டிட்டுப் போறதுல எனக்கு ஒண்ணுமில்லளா. ஒன் சித்தப்பன் கூட வந்தா வா. இல்லன்னா கெடையாது."

அம்மா அப்போது கடையில் புளி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கடல் என்ற சொல்லைக் கேட்டாலே முறைக்கிறவள், தலையைக் கூட நிமிர்த்தவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அன்றே சித்தப்பாவின் கதவைத் தட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் "போ" என்றார். இரண்டாம் நாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் பால் குடிக்க மாட்டேன் என்று கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். நான்காம் நாள் அழுதேன். முதலில் கள்ள அழுகையாகத்தான் தொடங்கியது. பாதியில் அது உண்மையாகிவிட்டது.

"நீங்க வரலன்னா என்னைய யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாவ சித்தப்பா."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "கடல் எங்கயும் போயிராதுளா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. போயிட்டு ஒடனே வந்துரணும்" என்றார்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயதில் என்னை யாரும் தூக்குவதில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேவியர் மாமா கடலுக்குப் போக மாட்டார். அதனால் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. விடியும் நேரத்தில் அப்பா எங்களை ஆட்டோவில் ஏற்றித் திரேஸ்புரத்தில் கொண்டுபோய் விட்டார். அம்மா காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், மதியத்துக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஆட்டோவில் சித்தப்பா துண்டைக் கை மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தெருவைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்தபடி வந்தார்.

கரையில் வலை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "சேவியரு, பொம்பளப் பிள்ளையவா கடலுக்கு ஏத்துத?" என்றார்.

"பிள்ளையில்ல, இதுதான் இன்னைக்குப் பார்ட்டி" என்றார் சேவியர் மாமா. "வள்ளத்த எடுத்திருக்கதே இவ தான்."

அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பூரிப்பில், அவர் என்னை இடுப்போடு தூக்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, வள்ளத்துக்குள் வைத்துவிட்டதைக் கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக் கொக்கிகளைப் போட்டுவிட்டார். பிறகுதான் பார்த்தேன், வள்ளத்தின் முனையில் தலையில் துண்டைப் போட்டபடி ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார். ஆறுமுகம் மாமா.

எனக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்த சித்தப்பா அங்கேயே நின்றுவிட்டார். முழங்காலுக்கு அலை வந்து வந்து போனது. சேவியர் மாமாவைப் பார்த்தார். சேவியர் மாமா இஞ்சினுக்குப் பெட்ரோல் குழாயை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"நான் வரல" என்றார் சித்தப்பா.

"பிள்ள ஏறியாச்சே" என்றார் சேவியர் மாமா, குனிந்தபடியே. "நீ வந்தாத்தான் அனுப்புவேன்னு மதினி சொல்லியிருக்காவ. நீயே எறக்கி விட்டுரு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன முகத்தோடு இருந்தேனோ எனக்குத் தெரியாது. அவர் இடது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை ஏறினார். ஆறுமுகம் மாமா எழுந்து கை நீட்டினார். சித்தப்பா அந்தக் கையைப் பார்க்காமல் நடுப்பலகையில் வந்து, முனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

துறைமுகத்தின் கிரேன்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஓரிடத்தில் சேவியர் மாமா வேகத்தைக் குறைத்து, "கீழ பாரு. முந்தி முத்துக் குளிச்ச பாறத்திட்டு இங்கனதான் கெடக்கு" என்றார். எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சிப்பி தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

அதைத் தாண்டியதும் ஆறுமுகம் மாமா வாந்தி எடுக்க ஆரம்பித்தார். வயல்காரர், கப்பல் கிரேனில் உட்கார்ந்தாலும் கப்பல் கரையில் கட்டித்தானே நிற்கும், கடலில் போய்ப் பழக்கமில்லை என்று சேவியர் மாமா எனக்கு விளக்கினார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கீறி ஆறுமுகம் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ நல்லா இருக்கியாளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி விளிம்பில் கவிழ்ந்தார். சித்தப்பா திரும்பவே இல்லை. அந்த வள்ளத்தில் பேசிக்கொண்டிருந்தது சேவியர் மாமாவும் நானும்தான். அவர் என்னிடம் சொல்கிற சாக்கில் எல்லோருக்கும் கேட்கப் பேசினார். பள்ளிக்கூடத்தில் மூன்று பேரும் சேர்ந்து செய்த சேட்டைகளைச் சொன்னார். நான் மட்டும் சிரித்தேன்.

தண்ணீர் நிறம் மாறியதும் ரப்பரில் செய்த கணவாய் பொம்மைகளைத் தூண்டிலில் மாட்டிப் பின்னால் விட்டு, வள்ளத்தை மெதுவாக ஓட்டினார். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. கொப்பரக்குல்லா என்று ஒரு மீனே கிடையாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்போதுதான் தூண்டில் கம்பு வளைந்து, சுருளிலிருந்து தங்கூசி நரம்பு கத்திக்கொண்டு ஓடியது. வெகு தூரத்தில் கடல் கிழிந்தது. நீலமும் வெள்ளியுமாக ஒன்று எழும்பி, காற்றில் நின்று தலையை உதறி, விழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை.

"எடுங்கலே!" என்றார் சேவியர் மாமா. வள்ளத்தைத் திருப்ப வேண்டியிருந்ததால் அவர் இஞ்சினை விட்டு நகர முடியாது. ஆறுமுகம் மாமா எழுந்து தள்ளாடினார். அதற்குள் சித்தப்பா கம்பை இடது கையால் பிடுங்கி, அடிப்பாகத்தை இடுப்பு வாரில் ஊன்றிக்கொண்டார். துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது. கையில்லாத கையைக் கம்புக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். அந்தக் கையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நுனி உருண்டையாக, புதுத்தோலாக இருந்தது. பயப்பட எனக்கு நேரமில்லை.

மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போய், களைத்து, நின்றது. இப்போது சுருளைச் சுற்ற வேண்டும். கைப்பிடி வலது பக்கத்தில் இருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். கம்பை விட்டால் போயிற்று. சுற்றாவிட்டாலும் போயிற்று.

"சுத்தணும்லே, தொய்யுது" என்றார் சேவியர் மாமா.

ஆறுமுகம் மாமா சித்தப்பாவின் வலது பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். வாயெல்லாம் எச்சில், கண்ணெல்லாம் தண்ணீர். அப்படியே நின்றார்.

சித்தப்பா மீன் இருந்த திசையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "என்னத்த பாத்துக்கிட்டு நிக்க. சுத்துலே."

ஏழு மாதத்தில் அவர் ஆறுமுகம் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஆறுமுகம் மாமா சுற்றினார். சித்தப்பா கம்பை மேலே தூக்கி, மெல்லக் கீழே இறக்குவார். இறக்கும்போது இவர் சுற்ற வேண்டும். முதலில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பிறகு சித்தப்பா துறைமுகத்துச் சொற்களை எடுத்தார். "லோயர்... ஸ்லோ... ஸ்லோ... ஸ்டாப்." அதற்குப் பிறகு சொற்களும் தேவைப்படவில்லை. சித்தப்பா தாடையை அசைத்தால் ஆறுமுகம் மாமாவின் கை ஓடியது, நிமிர்த்தினால் நின்றது. இரண்டு மணி நேரம். மீன் ஒன்பது தடவை துள்ளியது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன். நான்கு தடவை என்பதுதான் உண்மை. நான் இருவருடைய தலையிலும் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். ஆறுமுகம் மாமாவின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கைப்பிடி சிவப்பானது. வாந்தி எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

கடைசியில் மீன் வள்ளத்துக்குப் பத்தடி தூரத்தில் வந்தது. தண்ணீருக்குள் அது நீலமாக எரிந்தது. விலாவில் வரிவரியாக வெளிச்சம். ஒரு கண் என்னைப் பார்த்தது. சேவியர் மாமா கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டார். "இனி இழுக்காதீங்க, அது ஓடினா ஓடட்டும், விட்டுப் புடிங்க" என்றார்.

மீன் ஓடியது. சித்தப்பா தாடையை நிமிர்த்தினார். ஆறுமுகம் மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கம்பு நிமிர்ந்தது. சித்தப்பா பின்னால் விழுந்து பலகையில் உட்கார்ந்தார். கடல் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

முதலில் பேசியது நான்தான்.

"ஆறுமுகம் மாமாதான் அத்துட்டாவ" என்றேன். "விடுங்கன்னு சொன்னாங்கல்லா, அவிய விடல. அவியதான் அத்துட்டாவ."

ஆறுமுகம் மாமா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமாளா" என்றார். "என் கைதான். அன்னைக்கும்..."

சித்தப்பா விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சொன்ன குரலாக அது இல்லை.

"ஏளா, கயிறு அந்து போச்சுன்னா யாரு என்ன செய்ய முடியும்? அவன் என்ன, வேணும்னேயா அத்து விட்டான்? அவன ஒண்ணும் சொல்லாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மீனைத் தொலைத்தவரை விட்டுவிட்டு என்னையே கண்டிக்கிறாரே என்று. அதைவிட அநியாயம், அடுத்து ஆறுமுகம் மாமாவும் அழுதார். அவர் அழுவதற்கு என்ன உரிமை என்று எனக்குத் தோன்றியது. பலகையில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். சித்தப்பா இடது கையால் அவருடைய பிடரியைப் பிடித்து உலுக்கினார்.

"கிறுக்குப்பயல. சுத்துன்னா இப்படியாலே சுத்துவ? ஸ்டாப் குடுத்தனா இல்லையா? எங்கலே பாத்த?"

"மீனப் பாத்தேன்" என்றார் ஆறுமுகம் மாமா, அழுகையோடு.

சித்தப்பா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மீனப் பாத்தானாம்லே சேவியரு." ஆறுமுகம் மாமாவும் அழுதுகொண்டே சிரித்தார். சேவியர் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஓடாத இஞ்சினை எதற்கோ தடவிக்கொண்டிருந்தார். ஆள் உயர மீன் போய்விட்டது, மூன்று பெரிய ஆண்கள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிறார்கள். அந்த வள்ளத்தில் புத்தியுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தோம். அம்மா வைத்திருந்த ஸ்பூனை நான் எடுத்து நீட்டினேன். சித்தப்பா அதை வாங்கவில்லை. கடல் தண்ணீரில் இடது கையைக் கழுவி, புளிச்சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இடது கையால் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் எனக்கு எத்தனையோ முறை அடி விழுந்திருக்கிறது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாக்க. தின்னு" என்றார்.

ஆறுமுகம் மாமா தன் பங்கு முட்டையையும் அவர் முன்னால் வைத்தார். அது திரும்பி வந்தது. மறுபடி போனது. கடைசியில் அதை நான் தின்றேன்.

இதையெல்லாம் ஏற்பாடு செய்தது யார் என்பது நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரியவந்தது. சேவியர் மாமாவைத் தேடிப் போய், சித்தப்பாவை எப்படியாவது வெளியே கூட்டிப் போகச் சொன்னது அம்மா. பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னால் சித்தப்பா முடியாது என்று சொல்ல மாட்டார் என்ற யோசனையும் அம்மாவுடையது. ஆறுமுகம் மாமாவை முன்னாலேயே வள்ளத்தில் ஏற்றி வைத்தது மட்டும் சேவியர் மாமாவின் சொந்த வேலை. "கரையில வச்சுப் பேசினா ஒருத்தன் எந்திச்சுப் போயிருவான். கடலுன்னா எங்க ஓடுவான்?" என்றார் என்னிடம். மீன் கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லையாம். அது அதிகப்படியாக வந்து சேர்ந்தது என்றார். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, பெண்பிள்ளையைக் கடலுக்கு ஏற்றியதற்காக ஒரு மாதம் கரையில் பேச்சு வாங்கிக்கொண்ட மனிதர் அவர். நன்றி என்று சொல்ல ஆரம்பித்தேன். "நீதானளா பார்ட்டி" என்று பேச்சை முடித்துவிட்டார்.

சித்தப்பா அடுத்த மாதமே துறைமுகத்துக்குப் போய், லாரிகளின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். இடது கையால் எழுதப் பழகினார். கல்யாணம் ஆயிற்று. அவர் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர் ஆறுமுகம் மாமா. என் கல்யாணத்தில் பந்தி பார்த்தவரும் அவர்தான். இந்த இரண்டு மாமாக்களையும் என் வாழ்வில் தாய்மாமனுக்குச் சமமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அன்று மாலை இதில் எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று மாலை வெறும் வள்ளத்தோடு திரேஸ்புரத்துக்கு வந்து சேர்ந்தோம். கரையில் நின்றவர்கள் என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். சேவியர் மாமா வாய் திறப்பதற்குள் சித்தப்பா தண்ணீரில் குதித்து, "இம்புட்டு நீளம்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். துண்டு வள்ளத்துக்குள்ளேயே கிடந்தது. ஒருவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார், "அம்புட்டுமா?" என்றார். "கேளு இவன, இவன்தான் அத்து விட்டவன்" என்று ஆறுமுகம் மாமாவைக் காட்டினார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகம் மாமா தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். சித்தப்பாதான் நடக்கலாம் என்றார். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். சாமான் கேட்டு நின்றவருக்கு எடைபோடுவதை மறந்துவிட்டார். மாடிப்படியில் அம்மா நின்றிருந்தாள். சித்தப்பா அவளைக் கடந்து, பின்னறைக்குப் போகாமல், கூடத்தில் காற்றாடிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"மதினி, சோறு இருக்கா? ஆறுமுகமும் சாப்பிடுவான்."

"இருக்கு" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன், மீன் துள்ளியதை நடித்துக் காட்ட. அம்மா சோற்றுப்பானையின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து எல்லாவற்றையும் கட்டிக்கொடுத்து அனுப்பினாள், நாங்கள் வெறுங்கையோடு வந்து நிற்கிறோம். அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா" என்றேன். "அடுத்த தடவ கண்டிப்பா புடிச்சிட்டு வந்துருவோம்."

அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை. மீனை அவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.